சுண்ணாம்பு போட்ட குப்பையும் காதர் பாயின் ஏலக்காயும்

"இழுங்க" என்றார் காதர் பாய்.

தார்ப்பாயின் ஒரு முனை என் வீட்டுக்காரர் முருகேசன் கையில் இருந்தது. மறுமுனை என் கையில். எதிரே பாதித் தெரு திரண்டு நின்றது. முன்னால் வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாகக் காதர் பாய்.

"இன்னைக்கு வேணாம் பாய். காத்து ஊருப் பக்கமா அடிக்குது. வெயில் ஏறட்டும்" என்றேன்.

"வெயிலாவது மழையாவது! இதுக்குள்ள என்னத்தைப் பொதைச்சு வச்சிருக்கீங்கன்னு தெரு பூராம் பாக்கட்டும். இழுங்க."

இழுத்தோம்.

அம்மாடியோ! நான் எருவோடு பிழைக்கிறவள். சாணி, கோழி எரு, அழுகின பழத்தோல் எதுவும் என்னை அசைக்காது. அன்றைக்கு எனக்கே குடலைப் புரட்டியது. ஊளை முட்டையும் சாக்கடையும் சேர்ந்து கொதித்த மாதிரி ஒரு நாற்றம், சூடாக ஆவியோடு எழும்பி முகத்தில் அடித்தது. முன்வரிசைக்காரர்கள் முந்தானையையும் துண்டையும் வாயில் அடைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் வேலியோரம் குனிந்து வாந்தியே எடுத்துவிட்டார்.

காதர் பாய் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். ஓடினவர்களை இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

நான் அதைப் பார்த்தேன். இந்த மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

"செல்வி, நல்லாக் கேட்டுக்க" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "அடுத்த ஏலத்துக்கு என் ஏலக்காய் போகணும். அதுக்குள்ள இந்த வாடை நிக்கணும். நிக்கலைன்னா தெருவைக் கூட்டிக்கிட்டு நகராட்சி வாசல்ல நானே போய் உக்காருவேன். நீங்க பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."



மலைக்கு ஏறும் குப்பை

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்த கதையையும், முருகேசனுக்கு முழங்கால் போனதும் கீழே இறங்கி வந்த கதையையும் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இது போதும்: அவர் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். நான் அதே தோட்டத்தில் காய் எடுத்தவள். இறங்கி வந்த பின் போடியில், குரங்கணி போகிற ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், ஒரு கொட்டகையைப் பிடித்து இயற்கை எரு போட ஆரம்பித்தோம்.

எங்கள் பக்கம் எருவுக்குக் குப்பை என்றுதான் பெயர். 'குப்பை அடிக்கிற செல்வி' என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாராவது மூக்கைச் சுளித்துக்கொண்டு அப்படிச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். "நீ குடிக்கிற டீயில போடுற ஏலக்காய் எதுல வெளஞ்சுச்சாம்?" என்று கேட்டுவிடுவேன். வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

குரங்கணியிலிருந்து காப்பிப் பழம் உரித்த தொலி ஜீப்பில் இறங்கும். கீழே கோழிப் பண்ணைகளிலிருந்து கோழி எரு வரும். மாட்டுச் சாணி அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். எல்லாவற்றையும் கலந்து அம்பாரம் போட்டு, கிளறிக் கிளறி மக்க வைத்துச் சலித்தால், கடைசியில் கையில் ஒட்டாத கறுப்புப் பொடியாக வரும். மழை பெய்த மண்ணின் வாசம்தான் அதில் இருக்கும். அது திரும்ப ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குப் போகும். எங்கள் பிழைப்பு முழுக்க அதுதான். முட்டி போன மனுஷனும் நானும் வேறு எந்தச் சோலிக்குப் போக முடியும்?

கொட்டகைக்கு ஒரே சுவர்தான் தள்ளி, ஊர்ப்பக்கமாக, காதர் பாயின் ஏலக்காய் கிடங்கு.

ஆணியில் மாட்டிய பூ

ஏலக்காய் இருக்கிறதே, அது பக்கத்தில் இருக்கிற எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் பக்கத்தில் இருந்தால் மண்ணெண்ணெய் வாடை. கருவாடு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏல மையத்தில் மாதிரிக் காயைத் தட்டில் வைப்பார்கள். வாங்க வருகிறவர் ஒரு காயை எடுத்து, நகத்தால் ஒடித்து, மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒரு இழுப்பில் முகம் மாறினால் அந்தக் காயின் கதை முடிந்தது. போட்ட வியாபாரியின் பேரும் அதோடு சேர்ந்து போகும்.

அதனால் காதர் பாய் தன் கிடங்கைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். உள்ளே ஊதுபத்தி கூடாது. வெங்காயம் வைத்த சாப்பாட்டைத் திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது மட்டும் அத்தர் பூசுவார். பூசின கையோடு கிடங்குக்குள் வரமாட்டார். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம்தான் வருவார்.

ரகம் பிரிக்க வருகிற பெண்கள் தலையில் பூ வைத்திருந்தால், அதை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இதற்கென்றே கதவுக்கு வெளியே வரிசையாக ஆணி அடித்திருந்தார். காலையில் அந்தப் பக்கம் போனால் ஆணிக்கு ஆணி மல்லிகைச் சரம் தொங்கும். சாயங்காலம் வாடிப்போன சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அங்கே வேலை பார்த்தவள் பேச்சி. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தார்ப்பாய் சம்பவத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்:

"ஏக்கா, இன்னைக்குத் தலைத்துண்டுக்குள்ள பூ இருக்கிறதை மறந்து உள்ள போயிட்டேன். பாய் பக்கத்துலயே வந்து நின்னாரு. செத்தேன்டான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லலையே!"

"வயசாகுதுல்ல, கோவம் கொறைஞ்சிருக்கும்" என்றேன்.

நானும் ஒரு மக்குதான்.

கங்காணி வைத்தியம்

இத்தனை கூத்துக்கும் காரணம் சுண்ணாம்பு.

ஏலத்தோட்டத்தில் மழைக்காலத்தில் காய் அழுகும். அழுகல் வந்தால் துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அடிப்பார்கள். தூரில் சுண்ணாம்பு, வரப்பில் சுண்ணாம்பு, லயத்துச் சாக்கடையில் சுண்ணாம்பு. அழுகல் என்றால் சுண்ணாம்பு என்று கங்காணிமார் மண்டையில் ஊறிப்போயிருக்கும். எங்கள் வீட்டுக் கங்காணி மண்டையும் அப்படித்தான்.

அந்த முறை கோழி எரு மழையில் நனைந்து, சொதசொதவென்று வந்து இறங்கியது. அம்பாரம் போட்ட சில நாளில் லேசாக அழுகல் வாடை. நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் இவர் கொட்டகைக்குப் போய், சுண்ணாம்புத் தூளை மூட்டை மூட்டையாய்க் கொட்டிக் கிளறிவிட்டார். கேட்டால் பெருமை வேறு: "அழுகலுக்குச் சுண்ணாம்பை விட்டா வேற என்ன புள்ள இருக்கு?"

கோழி எருவில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் தெரியுமா? செடிக்குப் போக வேண்டிய சத்து அப்படியே அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். கொட்டகைக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டை எரிந்தது. முருகேசன் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதுவும் விடிகாலையில். எஸ்டேட்டில் விடியும்போதே வேலைக்கு இறங்கிப் பழகினவர்கள் நாங்கள். குளுமையாக இருக்கும்போதே கிளறி முடித்துவிடுவோம். ஆனால் போடியில் விடிகாலைக் காற்று மலையிலிருந்து ஊரைப் பார்த்து இறங்கும். கொட்டகையில் கிளம்பின வாடை நேராகப் பாய் கிடங்குக்குப் போயிற்று. அன்றைக்குப் பார்த்து அங்கே ஜன்னலோரமாக மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, பெண்கள் ரகம் பிரிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கும் கண்ணும் எரிந்து அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்களாம்.

தெரு கூடிச் சத்தம் போட்டது. பயந்துபோய் நாங்கள் ஒரு பெரிய தார்ப்பாயைப் போட்டு, ஓரத்தில் மண் அணைத்து, அம்பாரத்தை மூச்சுவிடாமல் மூடினோம். வாடை நின்ற மாதிரி இருந்தது. காற்றில்லாமல் உள்ளே அழுகிக்கொண்டிருந்ததைத்தான் அன்றைக்குத் தெருவே பார்த்தது.

காற்று வேண்டும்

பாய் கெடு சொல்லிவிட்டுப் போனதும் முருகேசன் சாப்பிடவில்லை. "எடத்தைக் காலி பண்ணிருவமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"எங்கிட்டுப் போறதாம்? திரும்ப மலையேறி உங்க முட்டியை வச்சுக்கிட்டுச் சுமை தூக்கப் போறீங்களா? பேசாம மம்பட்டியை எடுங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

எரு போடுவது பற்றி முன்பு ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே பாடம் எடுத்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "சுண்ணாம்பு போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே செல்வி" என்றார். சொல்லியிருந்தார். எனக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டுக் கங்காணியிடம் யார் சொல்வது?

"அதுக்கு மூச்சு முட்டுது. காத்தைக் குடுங்க, காஞ்சதைப் போடுங்க" என்றார் அந்த அம்மா.

தார்ப்பாயைச் சுருட்டி எறிந்தோம். காய்ந்த காப்பித் தொலி லோடு லோடாக வந்து இறங்கியது. தென்னைநார்க் கழிவும் கொண்டுவந்து போட்டோம். பெரிய அம்பாரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஈரத்துக்கு ஈடாகக் காய்ந்ததைக் கலந்தோம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்கலாம், சொட்டக் கூடாது. கலந்து முடித்ததும், ஏற்கெனவே மக்கித் தயாரான பழைய எருவை மேலே ஒரு சாண் உயரத்துக்குப் போர்வை மாதிரி மூடினோம். கீழேயிருந்து வருகிற வாடையை அந்தப் பழைய எரு பிடித்து வைத்துக்கொள்ளும். கசியும் தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டி, அதன் முனையில் ஒரு குழி எடுத்து, தொலியைப் போட்டு உறிஞ்ச வைத்தோம்.

கிளறுகிற நேரத்தையும் மாற்றினோம். உச்சி வெயிலில் காற்று திரும்பி, ஊரிலிருந்து மலையைப் பார்த்து ஏறும். அந்தப் பக்கம் பாறைக் கரடுதான், வீடு கிடையாது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் மம்பட்டி பிடித்தோம்.  முருகேசன் முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு கிளறினார். திட்டினதற்கு எனக்கு மனசு கேட்கவில்லை. மோரில் ரெண்டு உப்பைக் கூடப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் மன்னிப்பு கேட்பது அப்படித்தான்.

மூக்கைக் கழுவ ஒரு பஸ்

வாடை குறைகிறதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறவர்களுக்கு மூக்கு மரத்துப்போகும். "போயிருச்சு புள்ள" என்பார் முருகேசன். "போகலையே" என்பாள் எதிர்வீட்டுப் பேச்சி.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கிளறி முடித்துக் குளித்துவிட்டு, போடிமெட்டு பஸ்சில் ஏறிவிடுவேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மேலே போனால் குளிர்ந்த காற்று மூக்கைக் கழுவிவிடும். அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு, சில்லென்று கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பஸ்சில் இறங்கி வருவேன். எங்கள் தெரு முனையில் நின்று ஒரு இழுப்பு இழுத்தால் உண்மை தெரிந்துவிடும். கண்டக்டருக்கே பழகிவிட்டது. "என்னக்கா, மூக்கு சர்வீசா?" என்று சிரிப்பார். "டிக்கெட்டைக் கிழி, வெரசா" என்பேன்.

முதலில் முனையிலேயே அடித்தது. பிறகு கிடங்கு வாசல்வரை வந்தால்தான் தெரிந்தது. ஏலத்துக்கு முந்தைய நாள், எங்கள் கொட்டகைக் கதவைத் தொடும்வரை எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை. இன்னொரு தரம் உறுதி பண்ணிவிடலாம் என்று திரும்பவும் பஸ் ஏறினேன்.

மேலே பனி இறங்கியிருந்தது. டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால், கார்க் கதவைச் சாத்திவிட்டுக் காதர் பாய் வருகிறார். எனக்கு டீ கையிலேயே நின்றுவிட்டது. இங்கே வந்துமா சண்டை?

"வாடை நின்னுருச்சு பாய். வேணும்னா நீங்களே வந்து மோந்து பாருங்க" என்றேன் முந்திக்கொண்டு.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"எனக்கு மோப்பமே இல்ல தாயி" என்றார்.

காதும் காதும் வைத்தாற்போல்

ஊரெல்லாம் முகமூடி போட்டுத் திரிந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் பாய்க்கும் வந்திருந்தது. பிழைத்து எழுந்தார். மூக்கு மட்டும் திரும்பவில்லை. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்ல, இவரும் காத்திருந்தார். காற்றில் காரம் இருந்தால் மூக்கு எரியும், அவ்வளவுதான். அத்தரும் தெரியாது, பிரியாணியும் தெரியாது. சின்ன வயசிலிருந்து மோந்தே வியாபாரம் பண்ணின மனுஷனுக்கு ஏலக்காயும் தெரியாது.

"என் வீட்டுக்காரிக்கு மட்டுந்தான் தெரியும். ஏவாரத்துல ஒருத்தன் காதுல விழுந்தாலும் நாளைக்கு மட்டக் காயா என் தலையில கட்டுவானுங்க" என்றார். "இத்தனை நாளு நிறத்தையும் குலுக்குற சத்தத்தையும் வச்சு ஓட்டிட்டேன். இப்ப உன் குப்பை வாடை காயில ஏறிருச்சுன்னு பொம்பளைக சொல்லுதுக. ஏறலைன்னு கணக்கப்பிள்ளை சொல்றாரு. எனக்கு எது நெசம்னு தெரியல."

அன்றைக்குக் கைக்குட்டையை எல்லாருக்கும் பிந்தி எடுத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சியின் பூவும் ஞாபகம் வந்தது.

"நீ மெனக்கெட்டு மேல வந்து மூக்கைக் கழுவிட்டுப் போறேன்னு கண்டக்டர் சொன்னாரு. இப்பவே கார்ல ஏறு. கொட்டகைக்குப் போகாம நேரா கிடங்குக்கு வா. ஒவ்வொரு வரிசையா ஒடைச்சு மோந்து சொல்லு."

"நானா? பாய், உங்களுக்கு என் மேல..."

"நீ ஏவாரி இல்ல. வெளிய போய்ப் பேசுற ஆளும் இல்ல. சண்டைனாலும் நேராத்தான் போடுவ" என்றார். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அப்படி அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

காரில் இறங்கி வரும்போது எனக்குள் ஓடின கணக்கை மறைக்க மாட்டேன். ஏறியிருக்கிறது என்று நான் சொன்னால், காயைக் கெடுத்தது எங்கள் குப்பைதான் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்கே கொட்டகைக்குப் பூட்டு விழும். ஏறவில்லை என்று சொல்லிவிட்டால்? இந்த மனுஷனால் கண்டுபிடிக்கவா முடியும்? ஒவ்வொரு வளைவிலும் ஒரு முடிவு எடுத்தேன், அடுத்த வளைவில் மாற்றினேன். பாய் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜன்னலோர வரிசை

கிடங்கில் அன்று யாரும் இல்லை. ஆணிகள் காலியாக இருந்தன. எனக்குத் தலையில் பூ இல்லையென்றாலும் கை ஒரு தரம் கொண்டைக்குப் போயிற்று.

பாய் ஒரு மூட்டையைப் பிரித்துக் காய் எடுத்துக் கொடுத்தார். ஒடித்தேன். மோந்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்த வரிசையும் சுத்தம். அதற்கடுத்ததும் அப்படியே. எனக்கு உயிர் வந்தது. சிரித்துக்கூட விட்டேன்.

ஜன்னலோர வரிசைக்கு வந்தோம். சுண்ணாம்பு கொட்டின அன்று பிரித்துப் போட்டிருந்த காய் அதுதான். ஒன்றை ஒடித்தேன். மணம் ஏறியது. அதன் அடியில், கடைசியில், நூல் மாதிரி ஏதோ ஒன்று. இன்னொன்றை ஒடித்தேன். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மூன்றாவதை ஒடித்தேன்.

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூக்குக்குப் பதிலாக என் முகத்தைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது.

மிகவும் லேசான வாடை. ஏலத்தில் தப்பித்தாலும் தப்பித்துவிடும். நல்லா இருக்கு பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.  முருகேசன் முட்டியில் கட்டின துணிதான் கண்ணுக்குள் நின்றது.

"இந்த வரிசை வேணாம் பாய்" என்றேன்.

"ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு. லேசாத்தான். ஆனா இருக்கு."

"என்ன வாடை?"

"எங்க வாடைதான். அந்தச் சுண்ணாம்பு நாளு வாடை."

சொல்லிவிட்டு நின்றேன்.  பாய் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே ஜன்னல்வரை போனார். ஒரு மூட்டையின் வாயைக் கட்டினார். இன்னொன்றைக் கட்டினார்.

"இதை எடுத்து ஓரமாப் போடச் சொல்றேன். ஏலத்துக்குப் போகாது" என்றார்.

"நாங்க எப்பக் காலி பண்ணணும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இனிமே விடியக் காலையில கெளறாதே. அந்தக் கங்காணி கைக்குச் சுண்ணாம்பு எட்டாமப் பாத்துக்க. பெறகு எதுக்கு நீ காலி பண்ணணும்?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தேன். அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி முதல் வரிசைக்குப் போனார்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவரிடமே கேட்டேன். வியாபாரத்தை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். காதர் பாய் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. "எழுது, இனி என்ன? கழிச்சுப் போட்ட மூட்டையையும் எழுது. அதை விட்றாதே" என்றார். எழுதிவிட்டேன்.

அன்றைக்குக் கிடங்கில் நான் கிளம்பத் திரும்பினபோது அவர் கூப்பிட்டார். முதல் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை இன்னொருக்க ஒடை. எப்படி மணக்குதுன்னு சொல்லு."

"நல்லா மணக்குது பாய்."

"நல்லான்னா? எனக்கு வெவரமாச் சொல்லு."

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மோந்தேன். "மொதல்ல குளுகுளுன்னு ஏறுது. மூக்குக்குள்ள காத்துக்குக் கதவு தொறந்த மாதிரி. பெறகு கொஞ்சம் இனிப்பு. கடைசியில லேசா, ரொம்ப லேசா, வெறகுப் பொகை."

பாய் கண்ணை மூடியிருந்தார். அவர் மூக்கு விடைத்து ஒரு இழுப்பு இழுத்தது. உள்ளே ஒன்றும் போயிருக்காது.

"குரங்கணிக்கு மேல உள்ள காய். வெறகு அடுப்பு ஸ்டோர்ல காய வச்சது" என்றார்.

மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். குரங்கணிக்காரர் அடையாளம்தான் போட்டிருந்தது.

கண்ணைத் திறக்காமலே அவர் அடுத்த மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"இதையும் ஒடை தாயி" என்றார்.